மெழுகிலே நிமிர்ந்த விக்கிரகங்கள்

மாமல்லபுரத்துக் கடற்கரையில் முற்றுப்பெறாமல் நிற்கும் ரதங்களையும் குகைகளையும் காண்போர், கல்லில் உளி ஒருமுறை தவறிவிட்டால் அத்தவற்றை மீட்க வழியில்லை என்பதை எளிதில் உணர்வர். ஆயினும் அதே தொண்டை மண்டலத்தில், கல்லுக்கு நேர்மாறான சுபாவம் படைத்ததும், வெயில் பட்டால் வளைவதும், வளைந்தபின் மீண்டும் நிமிரச் சம்மதிப்பதுமாகிய தேன்மெழுகைக் கொண்டு தெய்வத் திருமேனிகளைச் சமைத்த தொழிலொன்றும் பல்லவர் காலந்தொட்டு வளர்ந்து வந்தது என்பதை நினைப்பவர் அவர்களுள் மிகச் சிலரே.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுச் சாசனத்தில் பெருமிதத்தோடு அறிவித்தது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். அவன் விலக்கிய உலோகமே பிற்காலப் பல்லவர் நாட்களில் உற்சவ மூர்த்தங்களாகக் கோயில்களுக்குள் பிரவேசித்தது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் கூரம் கிராமத்தில் கிடைத்து, இப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் நடராஜ விக்கிரகம் அதற்குச் சான்று. திருவாசி சூழாத அவ்வடிவத்தில் முழங்காலோடு உயர்ந்த பாதமும் விரிந்த கரங்களும் எதன்மீதும் சாயாமல் அந்தரத்தில் நிற்கின்றன. செம்பில் அவ்வாறு நிற்பதற்கு முன்னால் அவை மெழுகில் அவ்வாறு நின்றிருக்க வேண்டும்.

தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் சிறிது கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சித் துணியில் வடிகட்டிக் குளிர்ந்த நீரில் விழவிட்டுத் திரட்டுவது ஸ்தபதிகளின் மரபு. குங்கிலியம் கடினத்தையும் எண்ணெய் குழைவையும் தருவதால், பருவத்தை அனுசரித்து இவற்றின் அளவை ஏற்றியும் இறக்கியும் அமைப்பதிலேயே தொழிலின் பாதி சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரிக்குள் என்றாலும், அதற்கு வெகு முன்பே அது தளர்ந்துவிடும். கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் இப்பிரதேசத்தில், காலையில் செம்மையாக நின்ற கரம் பிற்பகலில் தன் பாரத்தாலேயே தாழ்ந்துவிடுவது இயல்பு. ஆகையால் தலை, உடல், கை, கால் என்று தனித்தனியே செய்த அங்கங்களைத் தண்ணீரில் இட்டுக் காப்பாற்றி, காய்ச்சிய இரும்பால் ஒட்டி, நீண்டு நிற்கும் உறுப்புகளுக்கிடையே மெழுகுக் குச்சிகளை முட்டாகக் கொடுக்கிறார்கள். அம்முட்டுகள் வார்ப்பிலும் உலோகமாகவே வந்து, பின்னர் உளியால் களையப்படுகின்றன.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் வளைந்துபோன உறுப்பைப் பலாத்காரமாக நிமிர்த்த முயன்றால் குங்கிலியம் கலந்த மெழுகு முறிந்துபோகும்; வெதுவெதுப்பான நீரில் அவ்வுறுப்பை மட்டும் சற்று இளகவிட்டு, விரலால் மெல்ல இசைத்து, இசைந்த நிலையிலேயே குளிர்ந்த நீரில் இறுகவைப்பதே முறை. 1950-களில் ஏர்ஃபிக்ஸ் முதலிய கம்பெனிகள் பரப்பிய பிளாஸ்டிக் விமான மாதிரிகளைச் சேகரிக்கும் மேல்நாட்டார், வெகுகாலம் பெட்டியில் கிடந்து கோணிப்போன இறக்கையை வெந்நீரில் தோய்த்து நேராக்குவதும் இதே உபாயத்தால்தான்.

ஆனால் விமானத்தின் இறக்கைக்கு நேர்மை ஒன்றே லக்ஷணமாயிருக்க, உடல் மூன்றிடத்தில் வளைந்து திரிபங்கமாக நிற்கும் தேவிக்கோ வளைவே லக்ஷணம். சாஸ்திரம் விதித்த வளைவு எது, வெயில் விளைத்த கோணல் எது என்று பிரித்தறிவதற்கு வெறும் கண் போதாது. தென்னோலைக் கீற்றை மடித்துத் தாள அளவுகளைக் குறித்து, உச்சியிலிருந்து பிரம்ம சூத்திரமாகிய நூலைத் தொங்கவிட்டு, மூக்கும் நாபியும் குதிகாலும் அந்நூலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்கவேண்டும். உத்தம தசதாளம் என்னும் அளவு முறையில் 124 அங்குலமாகப் பகுக்கப்படும் திருமேனியில் ஓர் அங்குலம் பிசகினாலும் நூல் அதைக் காட்டிவிடும் என்பதனால், இத்தொழிலின் கருவிகளுள் தலையாயது இந்நூலே என்பது என் அபிப்பிராயம்.

திருத்தம் முடிந்ததும் வண்டல் மண் பூசி, வெயிலில் வைக்காமல் நிழலிலேயே உலர்த்தி, பிறகு நெருப்பிலிட்டு மெழுகை வடித்துவிட்டு, அது இருந்த வெற்றிடத்தில் உருகிய பஞ்சலோகத்தை வார்க்கிறார்கள். சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றுவித்த மானசோல்லாசம், மெழுகின் எடையைப்போல் வெள்ளி 12 மடங்கும் பொன் 16 மடங்கும் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. அச்சை உடைத்தபின் வெளிவரும் திருமேனியைச் சீவலாம், மெருகிடலாம். மெழுகில் கவனியாமல் விட்ட கோணலை மாத்திரம் நீக்க இயலாது. அக்கோணல் உலோகம் உள்ளளவும் நின்றுவிடும்.

1957-இல் அரசாங்கம் மாமல்லபுரத்தில் தொடங்கி, வை. கணபதி ஸ்தபதியின் நெடுங்காலத் தலைமையில் வளர்ந்து, இன்று கல்லூரியாக விளங்கும் சிற்ப நிலையத்தில் கல்லோடும் மரத்தோடும் சுதையோடும் உலோகச் சிற்பமும் கற்பிக்கப்படுகிறது. முடிந்த விக்கிரகங்களுக்கு அருங்காட்சியகங்களும் அச்சிட்ட ஜாபிதாக்களும் உண்டு; நெருப்பில் மறைந்துபோகும் மெழுகுக்கோ அதைக் கையாளும் ஸ்தபதியின் ஞாபகமே பெரும்பாலும் ஆதாரம். எந்த மாதத்தில் எவ்வளவு குங்கிலியம், எந்த உறுப்புக்கு எவ்வளவு வெம்மை என்னும் இந்த அறிவை, அதை உடையவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு, எழுதி, படத்தோடு அச்சிட்டு வைக்கும் பணியைச் சிற்பக் கல்வியில் அக்கறையுள்ளவர்கள் தாமதமின்றி மேற்கொள்ளவேண்டும்.