பீன்ஸ் தக்காளிக் கறி

பீன்ஸ் தக்காளிக் கறி என்பது பச்சைப் பீன்ஸையும் தக்காளியையும் சேர்த்துச் சமைக்கப்படும் ஒரு தொடுகறி ஆகும். சோற்றுடன் குழம்பு, இரசம், தயிர் ஆகியவற்றுக்குத் துணையாகவும், சப்பாத்தி, தோசை போன்றவற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் இது பரிமாறப்படுகிறது. திண்டுக்கல், மதுரை வட்டாரங்களில் இத்தகைய தொடுகறிகளுக்கு வெஞ்சனம் என்னும் பொதுப்பெயர் வழங்குகிறது. இதன் செய்முறை எளிது. எனினும் இரு காய்களில் எது முதலில் அடுப்பேறுகிறது என்பதைப் பொறுத்துக் கறியின் மென்மையும் நிறமும் மாறுபடும்.

பெயர்

தமிழ்நாட்டில் பீன்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லே பேச்சிலும் சந்தையிலும் வழங்குகிறது. இலங்கைத் தமிழில் இக்காய் போஞ்சி எனப்படும். இச்சொல் அவரையினக் காயைக் குறிக்கும் டச்சுச் சொல்லில் இருந்து வந்தது. சிங்களத்திலும் இதே சொல் உள்ளது. தக்காளி என்பது தமிழ்ச் சொல்லாயினும், இன்று அச்சொல் குறிக்கும் பழம் அயல்நாட்டில் இருந்து வந்ததாகும். மணத்தக்காளி போன்ற செடிகளின் பெயரில் இருந்த சொல், புதிதாக வந்த பழத்துக்கும் பொருந்தி நிலைத்துவிட்டது.

தோற்றம்

பீன்ஸின் தாவரவியல் பெயர் பாசியோலஸ் வல்காரிஸ் ஆகும். தக்காளியின் பெயர் சொலானம் லைக்கோபெர்சிகம். இரண்டுக்கும் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் பெயரிட்டார். இரண்டுமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. கொலம்பசின் 1492 ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பின்னரே ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து ஆசியாவுக்கும் பரவின. இக்கறியில் சேரும் மிளகாயும் அவ்வாறே வந்தது. கடுகு, கறிவேப்பிலை, மஞ்சள் ஆகியவையோ இந்தியச் சமையலில் நெடுங்காலமாக இருப்பவை.

ரெட்டியார்சத்திரமும் சுற்றுப்புறமும்

ரெட்டியார்சத்திரம் திண்டுக்கல் மாவட்டத்தில், திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி செல்லும் சாலையில் அமைந்துள்ளது. இது ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் ஆகும். இக்கறியின் இரு காய்களும் இவ்வட்டாரத்தில் வெவ்வேறு உயரங்களில் விளைகின்றன.

பீன்ஸ் குளிர்ந்த தட்பவெப்பத்தை விரும்பும் பயிர். ஏறத்தாழ 15 முதல் 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் நன்கு காய்க்கும். வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் பூக்கள் உதிரும். எனவே சமவெளியில் இது பெரும்பாலும் விளைவிக்கப்படுவதில்லை. கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் போன்ற பழனி மலைப் பகுதிகளில் இருந்து இறக்கப்படுகிறது. சமவெளியில் இதன் இடத்தை அவரையும் கொத்தவரையும் பிடிக்கின்றன.

தக்காளி சமவெளியின் பயிர். ஒட்டன்சத்திரம், அய்யலூர் ஆகிய ஊர்களின் சந்தைகள் தக்காளி வணிகத்துக்குப் பெயர் பெற்றவை. ஒட்டன்சத்திரம் சந்தையில் இருந்து கேரளத்துக்குக் காய்கறிகள் பெருமளவில் செல்கின்றன. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பிகேஎம் 1 என்னும் தக்காளி, அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையில் இருந்து பெறப்பட்டதாகும். தொலைதூரம் ஏற்றிச் செல்லத் தாங்குவது இதன் சிறப்பு.

இந்தியாவும் இசுரேலும் 2006 ஆம் ஆண்டில் கையெழுத்திட்ட வேளாண் கூட்டுத் திட்டத்தின் வழியே ரெட்டியார்சத்திரத்தில் காய்கறி மகத்துவ மையம் ஏற்படுத்தப்பட்டது. பாதுகாக்கப்பட்ட குடில்களில் குழித்தட்டு நாற்றுகளை வளர்த்து உழவர்களுக்கு வழங்குவது இத்தகைய மையத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்று.

தேவையான பொருட்கள்

நான்கு பேருக்கு:

- பச்சைப் பீன்ஸ் - 250 கிராம்
- நன்கு பழுத்த தக்காளி - 3 (சுமார் 200 கிராம்)
- சின்ன வெங்காயம் - 10
- மிளகாய்த் தூள் - 1 தேக்கரண்டி
- மஞ்சள் தூள் - கால் தேக்கரண்டி
- கடுகு, உளுத்தம்பருப்பு - தலா அரைத் தேக்கரண்டி
- கறிவேப்பிலை - ஒரு கொத்து
- கடலை எண்ணெய் - 3 தேக்கரண்டி
- தேங்காய்த் துருவல் - 2 மேசைக்கரண்டி (விரும்பினால்)
- உப்பு - தேவையான அளவு

செய்முறை

1. பீன்ஸைக் கழுவி, இரு முனைகளையும் கிள்ளி, நார் இருந்தால் உரித்துவிட்டு, 2 செ.மீ. நீளத் துண்டுகளாக நறுக்க வேண்டும்.
2. கொதிக்கும் நீரில் உப்புடன் பீன்ஸை இட்டு, மூடாமல் 8 முதல் 10 நிமிடம் வேகவைத்து, நீரை வடித்துத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.
3. வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து வெங்காயத்தை வதக்க வேண்டும்.
4. தக்காளியைச் சேர்த்து, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் இட்டு, பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும் வரை வதக்க வேண்டும்.
5. வெந்த பீன்ஸைச் சேர்த்துப் பிரட்டி, 3 நிமிடம் சிறு தீயில் வைத்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்க வேண்டும்.

வடித்த நீரைக் கொட்டாமல் இரசத்திலோ குழம்பிலோ சேர்ப்பது நல்லது. நீரில் கரையும் உயிர்ச்சத்துகளில் ஒரு பகுதி அதில் இருக்கும்.

சமையலின் வேதியியல்

பீன்ஸ் வேகும்போது மென்மையாவதற்குக் காரணம், அதன் உயிரணுச் சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் வெப்பத்தால் சிதைந்து நீரில் கரைவதாகும். அமிலம் உள்ள சூழலில் இச்சிதைவு மிகவும் மெதுவாகவே நிகழும். தக்காளிச் சாற்றின் அமிலத்தன்மை எண் ஏறத்தாழ 4.3 முதல் 4.9 வரை இருப்பதால், பச்சைப் பீன்ஸைத் தொடக்கத்திலேயே தக்காளியுடன் சேர்த்தால் காய் மென்மையாக மிகுந்த நேரம் ஆகும். இக்காரணத்தாலேயே பீன்ஸ் முதலில் வேகவைக்கப்படுகிறது. புளி சேர்க்கும் கறிகளுக்கும் இது பொருந்தும்.

அமிலம் நிறத்தையும் மாற்றும். பச்சையத்தில் உள்ள மக்னீசியம், அமிலமும் வெப்பமும் சேரும்போது வெளியேறி, காய் மங்கிய பழுப்புப் பச்சையாகிறது. காயில் இருந்தே ஆவியாகும் அமிலங்கள் வெளியேறுவதற்காகவே பாத்திரம் மூடப்படுவதில்லை. சமையல் சோடா சேர்த்தால் பச்சை நிறம் நிலைக்கும், காயும் விரைவில் குழையும். ஆனால் உயிர்ச்சத்து சி, தயமின் ஆகியவை அழிவதால் அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

கடின நீரில் உள்ள கால்சியம் பெக்டினை இறுக்குவதால், ஆழ்துளைக் கிணற்று நீரில் காய் வேகக் கூடுதல் நேரம் ஆகலாம். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் தக்காளியைச் சமைத்தால் உலோகம் அமிலத்தில் கரைந்து உணவில் கலக்கும். மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது.

சத்துகளும் பாதுகாப்பும்

100 கிராம் பச்சைப் பீன்ஸில் சுமார் 31 கிலோகலோரி ஆற்றலும், 1.8 கிராம் புரதமும், 2.7 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. அதே அளவு தக்காளியில் சுமார் 18 கிலோகலோரி உள்ளது. அதன் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீரே. தக்காளியின் செந்நிறத்துக்குக் காரணமான லைக்கோப்பீன், எண்ணெயில் வதக்கப்படும்போது உடலால் எளிதில் உறிஞ்சப்படுகிறது. உயிர்ச்சத்து சி வெப்பத்தில் ஓரளவு குறையும். எஞ்சுவது, காயில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும்.

பீன்ஸைப் பச்சையாக உண்ணக் கூடாது. இதில் உள்ள லெக்டின் வகைப் புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும். முற்றிய விதைகளில் இது மிகுதி, இளங்காயில் குறைவு. 10 நிமிடம் நன்கு கொதிக்கவைத்தால் செயலிழந்துவிடும். தக்காளி விதையால் சிறுநீரகக் கல் உண்டாகும் என்ற கருத்து பரவலாக உள்ளது. எனினும் தக்காளியில் ஆக்சலேட்டு அளவு குறைவே. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும்படி மருத்துவர் கூறிய சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவறிந்து உண்ண வேண்டும்.

விலை ஏற்றத்தாழ்வு

இக்கறியின் செலவு பெரும்பாலும் தக்காளியின் விலையால் மாறுகிறது. 2023 ஆம் ஆண்டு சூலையில் வரத்துக் குறைந்து, பல இந்திய நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்போது தமிழ்நாடு அரசு சென்னையின் நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் சில மொத்தச் சந்தைகளில் விலை 10 ரூபாய்க்கும் கீழே சரிந்தது.

இதற்குப் பயிரின் காலமும் ஒரு காரணம். 25 முதல் 30 நாள் நாற்றை நட்டபின் முதல் பறிப்புக்கு ஏறத்தாழ 60 முதல் 75 நாட்கள் ஆகும். விலை உயர்ந்தபோது பலரும் ஒருசேர நட்டது, மூன்று மாதம் கழித்து ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத நிலையில் உழவர்கள் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவதும், கால்நடைகளுக்குப் போடுவதும், சாலையோரம் கொட்டுவதும் உண்டு. 2018-19 ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் விலையைச் சீராக்க 500 கோடி ரூபாயில் பசுமை நடவடிக்கைத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

விலை ஏறும் காலத்தில் இல்லங்களில் தக்காளியைக் குறைத்துச் சிறிது புளிக்கரைசல் சேர்ப்பர். விலை சரியும் காலத்தில் தக்காளியை வதக்கித் தொக்காக்கி வைத்துக்கொண்டால், வெந்த பீன்ஸுடன் பிரட்டி இக்கறியை விரைவில் செய்யலாம்.

பிற நாடுகளில்

கிரேக்கத்தில் பசோலாக்கியா, லெபனானில் லூபியே பி செய்த் ஆகிய உணவுகள் இதே இரு காய்களையும் ஆலிவ் எண்ணெயில் நெடுநேரம் வேகவைத்துச் செய்யப்படுகின்றன. துருக்கியிலும் இத்தகைய உணவு உண்டு. அங்கு இது ஆறியபின் உண்ணப்படுகிறது. இலங்கைத் தமிழர் போஞ்சிக் கறியில் தேங்காய்ப்பால் சேர்ப்பர்.

இவற்றையும் பார்க்க

- அவரை
- கூட்டு
- பொரியல்
- ஒட்டன்சத்திரம்