வண்டியின் எடையும் பாதையின் எடையும்: கிளைப் பாதை ரயில் பேருந்துகளின் வரலாறு குறித்து

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவின் கிராமத்துக் கிளைப் பாதைகளில் ஓடிய டீசல் ரயில் பேருந்துகளைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் வழக்கில் உள்ளன. ஜெர்மனியில் அவை கிளைப் பாதைகளைக் காப்பாற்றின என்பது ஒன்று. பிரிட்டனில் அவை படுதோல்வி அடைந்தன என்பது மற்றொன்று. இரண்டுமே வண்டியைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. அது ஓடிய பாதையின் செலவுக் கணக்கைப் பார்த்துச் சொல்லப்பட்டவை அல்ல. வண்டியின் எடையைக் குறைத்ததால் எந்தக் கிளைப் பாதையும் பிழைத்துவிடவில்லை என்பதும், பாதையை இயக்கும் முறையின் எடை குறைந்த இடங்களில்தான் வண்டிக்கு வேலை இருந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வண்டி பெரிய புதிர் ஒன்றும் இல்லை. இரண்டே அச்சுகள், வண்டித் தளத்துக்கு அடியில் பேருந்து எஞ்சின், பேருந்தைப் போன்ற கியர், மெல்லிய உடல். மேற்கு ஜெர்மனியின் ஊர்டிங்கன் வண்டித் தொழிற்சாலை 1950இல் தந்த முன்மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அச்சுகளின் இடைவெளி 4.5 மீட்டர்தான், அன்றைய விதி அதற்கு மேல் அனுமதிக்கவில்லை. விதிவிலக்கு பெற்று ஒரே ஒரு வண்டியை மட்டும் 6 மீட்டர் இடைவெளியில் கட்டிப் பார்த்தார்கள். குலுக்கல் குறைந்தது, தொடர் உற்பத்திக்கு அந்த அளவே நிலைத்தது. விடி 95 என்ற அந்த முதல் வகையில் ஒரே பியூசிங் எஞ்சின். 1950களின் நடுவில் வந்த விடி 98இல் 150 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின்கள் இரண்டு. வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்.

இந்த இரண்டு வகைகளுக்கும் இடையே நடந்த ஒரு மாற்றம், எஞ்சின் எண்ணிக்கையைவிட முக்கியமானது என்று கருதுகிறேன். விடி 95இல் வழக்கமான பஃபரும் கப்ளிங்கும் கிடையாது. எடையை மிச்சப்படுத்த லேசான இணைப்பு ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். விளைவு, சரக்குப் பெட்டி ஒன்றைக்கூட அதனால் இழுக்க முடியவில்லை. நாளுக்கு இரண்டு மூன்று சரக்குப் பெட்டிகள் மட்டுமே வந்துபோகும் கிராமப் பாதையில், அந்த இரண்டு மூன்றுக்காகத் தனியாக ஒரு எஞ்சினும் அதற்கான ஆட்களும் காத்துக் கிடக்க வேண்டும். விடி 98 எடையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு, எல்லா ரயில் வண்டிகளுக்கும் பொதுவான பஃபரையும் திருகு கப்ளிங்கையும் ஏற்றுக்கொண்டது. தேவைப்பட்டால் ஒரு சரக்குப் பெட்டியையும் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பலாம். வண்டி கனத்தது, ஆனால் பாதையின் மொத்தச் செலவு இளைத்தது.

இணைப்புப் பெட்டிகளின் கதையும் இதேதான். கிளைப் பாதையின் பயணிகள் நாள் முழுவதும் சீராக வருவதில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளர்களும் ஒரே நேரத்தில் நெருக்கியடித்து ஏறுவார்கள். பத்து மணிக்கு மேல் சந்தைக்குப் போகும் பாட்டிகள் நாலைந்து பேர். விடி 98உடன் எஞ்சின் இல்லாத நடுப்பெட்டியையும், மறுமுனையில் ஓட்டுநர் அறை கொண்ட பெட்டியையும் சேர்த்து ஒரே ஓட்டுநர் ஓட்டலாம். காலையில் மூன்று பெட்டி, பகலில் ஒன்று. இணைப்புப் பெட்டிகளையும் கணக்கில் சேர்த்தால் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 1,500 வண்டிகள் கட்டப்பட்டன. ஸ்பெயின் இதே வடிவத்தை வாங்கித் தன் நாட்டில் கட்டிக்கொண்டது.

பிரிட்டன் 1958இல் இதையே சோதித்துப் பார்த்தது. வாங்கியது மொத்தம் 22 வண்டிகள்; அவற்றையும் ஐந்து நிறுவனங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. அதாவது ஐந்து வகை உதிரிபாகங்கள், ஐந்து வகைப் பழுதுபார்ப்பு. (சோதனை தோற்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தால்கூட இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது.) அவற்றில் ஐந்து, ஜெர்மனியின் டோனவர்த் நகரத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. எனவே ஜெர்மன் வண்டி நல்லது, பிரிட்டிஷ் வண்டி மோசம் என்ற எளிய விளக்கம் இங்கே எடுபடாது. ஸ்போர்ட்ஸ் கார் கட்டும் ஏசி கார்ஸ் நிறுவனம் தந்த வண்டி 11 டன் எடையில் 46 பேரை உட்கார வைத்தது. வேலையைப் பொறுத்தவரை அதுவும் மோசமில்லை. ஆனால் 47ஆவது பயணி வந்தால் அதற்கு வழியில்லை. இன்னொரு பெட்டியைச் சேர்த்து ஒரே ஓட்டுநர் ஓட்டும் ஏற்பாடு இவற்றுக்கு இல்லை. சரக்குக்கு வேறு ரயில்தான் வர வேண்டும்.

கெம்பிளிலிருந்து டெட்பரிக்குப் போன கிளாஸ்டர்ஷயர் கிளைப் பாதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ரயில் பேருந்து வந்தபின் வழியில் புதிய நிறுத்தங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, 1959 பிப்ரவரியில் வயல்வெளிக்கு நடுவே ஒரு மதுக்கடைக்காகவே திறந்த ‘டிரபிள் ஹவுஸ்’ நிறுத்தம். வண்டியிலேயே படிக்கட்டு இருந்ததால் உயரமான நடைமேடை தேவைப்படவில்லை. முதல் படிக்குக் கால் எட்டாதவர்களுக்காகக் காலி பீர் பெட்டி ஒன்றைத் தரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கிளைப் பாதைச் சிக்கனம் என்பதன் சரியான வடிவம் இதுதான்: ஊழியர் இல்லை, கட்டடம் இல்லை, மக்கள் ஏறுகிறார்கள். ஆனால் அந்தச் சிக்கனம் அந்த நிறுத்தத்தோடு முடிந்துவிட்டது. மற்றபடி பாதை பழைய நீராவிக் காலத்து ஏற்பாட்டில்தான் இயங்கியது. 1964 ஏப்ரலில் பயணிகள் சேவை நின்றது.

பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் 1963இல் வெளியிட்ட அறிக்கை ரயில் பேருந்து யோசனையை வெகு சுருக்கமாகத் தள்ளுபடி செய்தது. பாதையைப் பராமரிக்கும் பெருஞ்செலவை இந்த யோசனை கண்டுகொள்ளவில்லை. தவிர, ரயில் பேருந்து சாலைப் பேருந்தைவிட விலை அதிகம் என்பது அதன் வாதம். கணக்கைப் பொறுத்தவரை பீச்சிங் சொன்னது சரி. எரிபொருளிலும் ஆட்களிலும் மிச்சம் பிடித்தாலும் தண்டவாளமும் சிலீப்பர் கட்டையும் சிக்னலும் கேட்டும் அப்படியே நிற்கின்றன. அவர் தவறியது வேறிடத்தில். அந்தச் செலவை இயற்கை விதித்ததுபோல் அவர் எடுத்துக்கொண்டார். அதில் ஒரு பெரும்பகுதி சட்டத்தாலும் பழக்கத்தாலும் வந்தது.

ரயில்வே கேட்டை எடுத்துக்கொள்வோம். பொதுச் சாலையைத் தண்டவாளம் கடக்கும் இடத்தில் கேட் போட வேண்டும், அதைத் திறந்து மூட ஆள் வைக்க வேண்டும் என்பது பிரிட்டனில் 1845ஆம் ஆண்டுச் சட்டம். 1896இல் வந்த இலகு ரயில்வே சட்டம் இதற்குத் தளர்வு தந்தது. ஆனால் அதற்கு முன்பே முழு ரயில்வேயாகக் கட்டிய பாதைகளுக்கு அந்தப் பயன் தானாக வந்து சேரவில்லை. நாளுக்குச் சில முறை கடந்துபோகும் 11 டன் வண்டிக்காக, எக்ஸ்பிரஸ் ரயிலுக்குரிய கேட் கீப்பர் உட்கார்ந்திருந்தார். ஜெர்மனியிலோ ‘கிளைப் பாதை’ என்பதற்குச் சட்டத்திலேயே தனித் தகுதி உண்டு. வேகம் குறைவு, அதற்கு ஈடாகப் பல சாலைக் கடப்புகளில் கேட் வேண்டியதில்லை, பார்வைத் தெளிவும் விசில் ஒலியும் போதும். நிலையத்துக்கு நிலையம் சிக்னல்காரர் வேண்டாம். ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர் தொலைபேசியில் பாதை முழுவதையும் நடத்துவார். டிக்கெட் கொடுப்பதும் பல இடங்களில் ஓட்டுநரே. ஊர்டிங்கன் வண்டி இந்த ஏற்பாட்டுக்குள்தான் நுழைந்தது.

அதற்காக ஜெர்மன் வெற்றிக்கதையை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. 1960களிலும் 70களிலும் அங்கேயும் ரயில் பேருந்து ஓடிய எத்தனையோ பாதைகள் மூடப்பட்டன; ரயில்வேயே தன் சாலைப் பேருந்துகளை அந்த ஊர்களுக்கு விட்டது. வீட்டுக்கொரு கார் வந்தபின் எந்த வண்டியாலும் பழைய கூட்டத்தைத் திரும்ப அழைத்துவர முடியவில்லை. ரயில் பேருந்து தந்தது அவகாசம் மட்டுமே. ஆனால் அதைச் சிறிதாக மதிப்பிடக் கூடாது. அந்த அவகாசத்தில் பிழைத்துக் கிடந்த டியூரன்–ஹைம்பாக் போன்ற பாதைகளை 1993இல் உள்ளூர் ரயில் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. இரண்டாண்டுகளில் அங்கே ‘ரெஜியோஸ்ப்ரின்டர்’ என்ற புது இலகு வண்டிகள் வந்தன. அவற்றைக் கட்டியது அதே ஊர்டிங்கன் தொழிற்சாலை.

செக்கோஸ்லோவாக்கியா இன்னும் நீண்ட உதாரணம். ஸ்டூடென்கா தொழிற்சாலை 1975 முதல் கட்டிய இரண்டு அச்சு வண்டிகள், பின்னாளில் 810 என்று எண் மாறியவை, நூற்றுக்கணக்கில் நாடெங்கும் பரவின. எளிய இயக்க விதிகள் கொண்ட கிளைப் பாதைகள் அங்கே பரவலாக நிலைத்ததால், 2005 முதல் இவ்வண்டிகளை மறுகட்டமைத்து ‘ரெஜியோநோவா’ என்று பெயரிட்டு ஓட்டுவதும் லாபகரமான யோசனையாகப்பட்டது.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று பிரிட்டனிலேயே கிடைக்கிறது, அதில் ரயில் பேருந்தே இல்லை. இப்ஸ்விச்சிலிருந்து லோஸ்டாஃப்ட் செல்லும் கிழக்கு சஃபோக் பாதையும் மூடப்பட வேண்டிய பட்டியலில் இருந்தது. ஜெரார்ட் ஃபைன்ஸ் என்ற ரயில்வே மேலாளர் ‘அடிப்படை ரயில்வே’ என்றொரு யோசனையை முன்வைத்தார்: நிலையங்களிலிருந்து ஊழியர்களை எடுத்துவிடுங்கள், டிக்கெட்டை ஓடும் ரயிலில் கொடுங்கள், சிக்னலையும் கேட்டையும் எளிமையாக்குங்கள். 1966இல் மூடும் முடிவு கைவிடப்பட்டது. 1967இல் ரயிலுக்குள் டிக்கெட் கொடுக்கும் முறை வந்தது. ஓடியவை சாதாரண, கனமான டீசல் ரயில்கள். வண்டி இலகுவாகவும் பாதை கனமாகவும் இருந்த டெட்பரி போனது. வண்டி கனமாகவும் பாதை இலகுவாகவும் ஆன கிழக்கு சஃபோக் இன்றும் ஓடுகிறது. சஃபோக்கில் ஊர்களும் பயணிகளும் அதிகம் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அந்தப் பயணிகள் இருந்தபோதே அப்பாதை மூடும் பட்டியலுக்குப் போயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எடைக் குறைப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. அடிக்கடி ரயில் ஓடாத பாதையில் தண்டவாளம் துருப்பிடிக்கும். லேசான வண்டியின் சக்கரம் அந்தத் துருவை நசுக்கி மின்தொடர்பை ஏற்படுத்தத் தவறினால், தண்டவாள மின்சுற்றை நம்பியிருக்கும் சிக்னல் ‘இங்கே வண்டி இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும். ஆக, கனத்த சிக்னல் முறைக்குள் இலகு வண்டியை விடுவது சிக்கனமின்மை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

இந்தியாவில் மதுரா–விருந்தாவனம் மீட்டர் கேஜ் பாதையிலும் வேறு சில கிளைகளிலும் ரயில் பேருந்துகள் ஓடியிருக்கின்றன. அவற்றைப் பற்றி ஆய்வு செய்ய முன்வருபவர்கள் எஞ்சின் திறனிலும் இருக்கை எண்ணிக்கையிலும் தொடங்க வேண்டாம். அந்தப் பாதையில் எத்தனை கேட் கீப்பர்கள் இருந்தார்கள், சிக்னலை யார் இயக்கினார்கள், வண்டி வந்தபின் அவர்களில் எத்தனை பேருடைய வேலை மாறியது என்ற கணக்கை முதலில் எடுக்கட்டும்.