எதை எடுப்பது? – தேர்வுச் சுமையின் கதை

தேர்வுச் சுமை என்றவுடன் செமஸ்டர் பரீட்சை என்று பயந்துவிட வேண்டாம்! இது வேறு தேர்வு. பல் துலக்க ஒரு பேஸ்ட் வாங்கப் போனவர், அலமாரி நிறைய அடுக்கியிருக்கும் பேஸ்ட் வகைகளுக்கு முன்னால் திகைத்து நிற்கிறாரே, அந்தத் தேர்வு. உப்பு சேர்த்தது, கிராம்பு சேர்த்தது, வெண்மைக்கு ஒன்று, ஈறுக்கு ஒன்று, கூச்சத்துக்கு ஒன்று. பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வீட்டில் எப்போதும் வாங்குவதையே கூடையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறார்.

இந்தத் திகைப்பு எப்போது வந்தது? அதைச் சமாளிக்க மனிதர்கள் என்னென்ன வழி செய்தார்கள்? தேடிப் போனால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை கிடைக்கிறது.

மெம்ஃபிஸ் நகரத்துக் கடை

1916-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஒரு மளிகைக் கடை திறக்கப்பட்டது. கடையின் பெயர் பிக்லி விக்லி. முதலாளியின் பெயர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். உள்ளே வந்தவர்களுக்கு ஒரே ஆச்சரியம். சாமான் எடுத்துக் கொடுக்க ஆளே இல்லை! வாசலில் சுழலும் கதவு. கையில் ஒரு கூடை. அலமாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஒரே பாதை. ஒவ்வொரு பொருளிலும் விலை எழுதியிருக்கும். வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டு, பாதை முடியும் இடத்தில் பணம் கட்டிவிட்டு வெளியேற வேண்டும். இந்த அமைப்புக்கு 1917-ல் சாண்டர்ஸ் காப்புரிமையும் வாங்கினார்.

அதற்கு முன்பு அமெரிக்காவிலும் நம் ஊர் மளிகைக் கடை மாதிரிதான். மேஜைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர், இந்தப் பக்கம் வாடிக்கையாளர். சீட்டைக் கொடுத்தால் அவர் எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார். சாண்டர்ஸின் நோக்கம் ஆள் சம்பளத்தை மிச்சப்படுத்தி விலையைக் குறைப்பது. அதில் அவர் ஜெயித்தார்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் அதுவரை செய்து வந்தது ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. ஒன்று, அலமாரியிலிருந்து சாமானை எடுப்பது. இது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, இருக்கிற சரக்கில் இந்த வீட்டுக்கு எது சரிப்படும் என்று முடிவு செய்வது. இது கண்ணுக்குத் தெரியாது. சாண்டர்ஸ் முதல் வேலையை வாடிக்கையாளரிடம் கொடுத்தபோது இரண்டாவது வேலையும் சத்தமில்லாமல் கூடவே போய்விட்டது. சம்பளம் இல்லாத வேலை!

அண்ணாச்சி செய்த வேலை

"அரைக் கிலோ உளுத்தம்பருப்பு" என்று ஒரு சிறுவன் வந்து நின்றால், அண்ணாச்சி "இட்லிக்கா, தாளிக்கவா?" என்று கேட்பார். கல்யாண வீட்டுக்குப் போகும் அரிசி எது, மாதக் கடைசியில் வாங்குகிறவருக்கு ஏற்ற அரிசி எது என்பது அவருக்கு அத்துப்படி. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கணக்கு நோட்டில் இருக்கும். தேர்ந்தெடுக்கும் தலைவலி வாங்குகிறவருக்கு இல்லை.

அதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. விற்காமல் கிடக்கும் பழைய சரக்கைத் தலையில் கட்டுவதும் அதே கடைக்காரர்தான். எந்தக் கம்பெனி அதிகக் கமிஷன் கொடுக்கிறதோ அந்தச் சோப்பைத்தான் "இதுதாங்க நல்லா இருக்கும்" என்பார். கடனில் வாங்குகிறவரால் எதிர்த்துப் பேசவும் முடியாது. நமக்காக இன்னொருவர் தேர்ந்தெடுக்கும்போது அவருக்கு அதில் என்ன லாபம் என்ற கேள்வி அப்போதே இருந்தது.

இந்தக் கேள்விக்குச் சென்னையில் ஒரு பதில் கிடைத்தது. 1904-ல் தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்! வாங்குகிறவர்களே உறுப்பினர்கள், உறுப்பினர்களே முதலாளிகள். கடையே தன்னுடையது என்றால், தேர்ந்தெடுப்பவரைக் கேள்வி கேட்கும் உரிமையும் கையில் இருக்கும். இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவு அமைப்புகளில் இது ஒன்று.

பெயர், முத்திரை, பரிசோதனை

கடைக்காரரை நம்பாமல் இருக்க இன்னொரு வழியும் வந்தது. அதுதான் பிராண்ட். இங்கிலாந்தில் 1876-ல் வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது முதல் எண்ணில் பதிவானது பாஸ் என்ற பீர் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். 1888-ல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கின. 1895-ல் லைஃப்பாய் வந்தது. வெட்டி எடை போட்டுக் கொடுத்த சோப்பு போய், உறையில் பெயரோடு சோப்பு வந்தது.

பிராண்ட் என்பது விளம்பரம் மட்டும் அல்ல. ஒரு முறை தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்த பத்து வருடத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்ற வசதி அதில் இருக்கிறது. "போன தடவை வாங்கினதே கொடுங்க" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பத்துப் பிராண்ட் நூறாகி, ஒரே பிராண்டுக்குள் இருபது வகை வந்தபோது, சுமையைக் குறைக்க வந்ததே சுமையாகிவிட்டது.

அரசாங்கமும் தன் பங்குக்கு முத்திரை குத்தியது. இந்தியாவில் 1937-ல் வந்த சட்டத்தின் கீழ் விளைபொருட்களுக்கு அக்மார்க், பிறகு தொழிற்சாலைப் பொருட்களுக்கு ஐ.எஸ்.ஐ. இந்த முத்திரைகள் "இது குறைந்தபட்சத் தரத்துக்குக் கீழே இல்லை" என்று மட்டும் சொல்லும். தரமானவை பத்து இருந்தால் அதில் எது என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்ல வாங்குகிறவர்களே கிளம்பினார்கள். 1927-ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் சேஸ், ஷ்லிங்க் என்ற இருவர், மக்கள் கொடுக்கும் காசுக்குச் சரியான பொருள் கிடைக்கிறதா என்று கேட்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். அதன் தொடர்ச்சியாக 1929-ல் பொருட்களைச் சோதித்துச் சொல்லும் அமைப்பு ஒன்று உருவானது. அதிலிருந்து பிரிந்தவர்கள் 1936-ல் கன்ஸ்யூமர்ஸ் யூனியனை ஆரம்பித்தார்கள். 1957-ல் இங்கிலாந்தில் 'விச்?' பத்திரிகை வந்தது. பெயரே "எது?" என்ற கேள்வி!

கிடைக்குமா என்பதிலிருந்து எது என்பதற்கு

1962 மார்ச் 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி நுகர்வோரின் நான்கு உரிமைகளை அறிவித்தார். அதில் ஒன்று தேர்ந்தெடுக்கும் உரிமை. இந்தியாவின் 1986-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், போட்டி விலையில் பலவகைப் பொருட்கள் கிடைக்க வேண்டும் என்ற உரிமை இருந்தது. 2019-ல் வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. வணிகவியல் மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் பகுதி இது.

இந்த உரிமையின் அருமை இந்தியர்களுக்கு நன்றாகவே தெரியும். 1980-கள் வரை கார் என்றால் பெரும்பாலும் அம்பாசடர் அல்லது பிரீமியர் பத்மினி. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்போது "எதை வாங்குவது" என்று யாரும் கவலைப்படவில்லை, "கிடைக்குமா" என்றுதான் கவலைப்பட்டார்கள். 1991-ல் பொருளாதாரக் கதவு திறந்தது. 1996-ல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு வந்தது. மெம்ஃபிஸில் தொடங்கிய கூடை கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ்நாட்டு நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் பிரச்சினை முன்பே முற்றியிருந்தது. 1970-லேயே ஆல்வின் டாஃப்லர் தன் 'ஃபியூச்சர் ஷாக்' புத்தகத்தில், தேர்வுகள் அளவுக்கு மீறிப் பெருகுவதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்துவிட்டார். 1975-ல் ஒரு சராசரி அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் சுமார் 9,000 வகைப் பொருட்கள். 2008-ல் அது 47,000-ஐ நெருங்கியது.

ஜாம் பாட்டில் சொன்ன கதை

சரி, வகைகள் கூடினால் உண்மையிலேயே கெடுதலா? 2000-ம் ஆண்டு ஷீனா அய்யங்கார், மார்க் லெப்பர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். (பெயரைப் பார்த்து மயிலாப்பூர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஷீனா கனடாவில் சீக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர், பார்வையற்றவர்.)

கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய மளிகைக் கடையில் ஜாம் ருசி பார்க்க மேஜை போட்டார்கள். சில மணி நேரம் 24 வகை, சில மணி நேரம் 6 வகை. 24 வகை இருந்தபோது அந்த வழியாகப் போனவர்களில் 60 சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள். 6 வகை இருந்தபோது 40 சதவீதம். கூட்டம் சேர்ப்பதில் 24-க்கே வெற்றி. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்கள்? 6 வகையைப் பார்த்து நின்றவர்களில் 30 சதவீதம். 24 வகையைப் பார்த்து நின்றவர்களில் வெறும் 3 சதவீதம்!

இந்தச் சோதனை உலகப் புகழ் பெற்றது. 2004-ல் பாரி ஷ்வார்ட்ஸ் இதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2010-ல் ஷைபஹென்னா என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இதே மாதிரியான 50 சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தது. சில இடங்களில் அதிக வகை கெடுத்தது, சில இடங்களில் நல்லதே செய்தது. 2015-ல் செர்னெவ் குழுவினர் எப்போது கெடுக்கும் என்று ஆராய்ந்தார்கள். ஒப்பிடுவது கடினமாக இருக்கும்போது, அவசரம் போன்ற நெருக்கடி இருக்கும்போது, தனக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரியாதபோது, சும்மா பார்க்க வராமல் வாங்கியே தீர வேண்டும் என்று வந்திருக்கும்போது சுமை கூடுகிறது.

அதாவது ஃபில்டர் காபி மட்டுமே குடிப்பவருக்கு நூறு வகைக் காபித்தூள் இருந்தாலும் பயம் இல்லை. குழந்தை பிறந்து பத்தே நாளான வீட்டுக்கு நாப்கின் வாங்கப் போகிறவருக்குப் பத்து வகையே அதிகம்.

சமாளித்தவர்கள்

இதற்கு மருந்தை ஹெர்பர்ட் சைமன் 1956-லேயே எழுதி வைத்துவிட்டார். மனிதனால் எல்லாவற்றையும் அலசி மிகச் சிறந்ததைக் கண்டுபிடிக்க முடியாது. ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு, அதை எட்டும் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்கிறான் என்றார். "போதும்" என்ற சொல்லுக்குப் பொருளாதாரத்தில் இடம் கொடுத்தவர் அவர். 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கடைகளில் இதைச் செய்து காட்டியது ஜெர்மனியின் ஆல்டி. எஸன் நகரில் தாய் நடத்திய சிறு கடையை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்ல், தியோ ஆல்பிரெக்ட் சகோதரர்கள் எடுத்து நடத்தினார்கள். சில நூறு பொருட்கள் மட்டுமே வைத்து, குறைந்த விலையில் விற்றார்கள். வாடிக்கையாளரின் மனநிம்மதிக்காக அல்ல, செலவைக் குறைக்கத்தான். ஆனாலும் உள்ளே வந்தவர்களுக்கு அலமாரி முன் நிற்கும் நேரமும் மிச்சமானது.

தமிழ்நாடு கண்ட வழி வேறு. கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பாட்டில் வாங்க வசதி இல்லாதவர்களுக்காக வந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது. பெரிய பாட்டில் வாங்கித் தலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாதம் முழுக்க வருத்தம். ஒரு பாக்கெட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த வாரம் வேறு பாக்கெட். கடை வாசலில் சரம் சரமாக இருபது வகை தொங்கினாலும் யாரும் திகைத்து நிற்பதில்லை. ஏனென்றால் தப்பான தேர்வின் விலை மிகவும் குறைவு! வகையைக் குறைக்காமலே சுமையைக் குறைத்த வித்தை இது.

புதிய கடைக்காரர்

இப்போது அலமாரி செல்போனுக்குள் வந்துவிட்டது. "பேஸ்ட்" என்று தட்டினால் நூற்றுக்கணக்கில் வருகிறது. அத்தனையையும் யாரும் பார்ப்பதில்லை, முதலில் தெரியும் நாலைந்தில் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அந்த நாலைந்தை யார் முன்னால் வைத்தது? சாண்டர்ஸ் வெளியே அனுப்பிய கடைக்காரர் திரையின் பின்பக்கமாகத் திரும்பி வந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். போன முறை என்ன வாங்கினோம் என்பது அவர் நோட்டிலும் இருக்கிறது. காசு கொடுத்த கம்பெனியின் சரக்கை அவரும் முன்னால் வைப்பார், மூலையில் சின்ன எழுத்தில் "ஸ்பான்சர்டு" என்று போட்டு. அண்ணாச்சியிடமாவது "ஏன் இதைக் கொடுத்தீங்க?" என்று நேரில் கேட்கலாம்.

கேட்பதற்கு வழி இல்லாமலும் இல்லை. இந்தியாவில் 2020-ல் வந்த மின்வணிக விதிகள், பொருட்களை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்பதைத் தளங்கள் விளக்க வேண்டும் என்கின்றன. அதைத் தேடிப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

தேர்ந்தெடுக்கும் வேலை எந்தக் காலத்திலும் ஒழிந்தது இல்லை, கைதான் மாறியிருக்கிறது. எல்லாவற்றையும் தானே அலசுவேன் என்பவர் பேஸ்ட் கடையிலேயே சாயங்காலத்தைத் தொலைப்பார். எல்லாவற்றையும் பிறரிடம் விட்டவர் தலையில் பழைய சரக்குதான் விழும். தினசரிச் சாமானுக்கு வீட்டிலேயே ஒரு சீட்டு எழுதி, என்ன வேண்டும், எவ்வளவுக்குள் வேண்டும் என்று இரண்டு வரி குறித்துக்கொண்டு போவது நல்லது. அந்த அளவுகோலை எட்டும் முதல் பொருளோடு திரும்பிவிடலாம். மிச்சமாகும் நேரத்தை மருத்துவக் காப்பீடு, கல்விக் கடன் மாதிரி தப்பினால் பல வருடம் வலிக்கும் தேர்வுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு சின்னப் பாக்கெட் வாங்கிச் சோதித்துப் பார்க்க முடியாது!