கூப்பன் காலத்திலிருந்து அஸ்வெசும வரை: எங்கட பேர் எந்தப் பட்டியலில்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

அஸ்வெசும பட்டியல் வரும்போதெல்லாம் ஆசிரியர்களாகிய எங்களிடம் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், பக்கத்துக் காம்பராவுக்கு வந்திருக்கு. அவங்களும் எங்களப் போலத்தான். எங்களுக்கு ஏன் வரல?" இதற்குப் பாதிப் பதில் அந்த விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. மீதிப் பாதி பழைய கதை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கு அரசாங்கம் நேரடியாக எதுவும் கொடுக்கவில்லை. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொண்டு வந்தது, குறிப்பிட்ட விலைக்கு அரிசி கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அந்த அரிசியைக் கொடுத்தது தோட்டம். கணக்கு வைத்ததும் தோட்டம். ஆள் உயிரோடு இருக்கிறாரா, எத்தனை பிள்ளைகள், எவ்வளவு கடன் எல்லாமே தோட்டக் காரியாலயப் புத்தகத்தில்தான். இன்றைக்கும் ஒரு நாள் சம்பளத்தை நாங்கள் "பேர்" என்கிறோம், "அரைப் பேர் போட்டுட்டாங்க" என்கிறோம். செக்ரோலில் பேர் இருந்தால்தான் சாப்பாடு என்ற காலத்துச் சொல் அது.

1942 இல், யுத்த நேரத்தில், கூப்பன் வந்தது. பர்மா அரிசி நின்றுபோனதால் நாடு முழுவதற்கும் பங்கீடு. எங்கள் மூத்தவர்கள் இன்றும் அரசாங்க உதவி எதுவானாலும் "கூப்பன்" என்று சொல்வது அந்தப் பழக்கத்தில்தான். கூப்பனில் ஒரு நல்ல குணம் இருந்தது. நீ ஏழையா என்று அது கேட்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கிய பிறகும், வாக்கு போனாலும் அரிசிப் பங்கு போகவில்லை. 1953 இல் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஹர்த்தால் வெடித்தது, பிரதமரே பதவி விலகினார். கூப்பன் அரிசியில் கை வைக்க அரசியல்வாதிகள் எவ்வளவு பயந்தார்கள் என்பதற்கு அது போதும்.

ஆனாலும் பயம் நிரந்தரமில்லை. 1973, 74 இல் உலகச் சந்தையில் அரிசி, மா, சீனி எல்லாம் விலை ஏறியபோது பங்கு வெட்டப்பட்டது, கோதுமை மாவின் விலை ஏறியது. கிராமத்தில் இருந்தவருக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்து வாசலில் என்ன நடுவது? ரொட்டி மாவை நம்பி இருந்த தோட்டங்களில் அந்த இரண்டு வருடத்தில் மரணம் கூடியது. பாட்டிமார் அதைப் "பஞ்ச காலம்" என்று சொல்லும்போது, சின்னப் பிள்ளைகள் ஏதோ ராஜா காலத்துக் கதை என்று நினைக்கிறார்கள். இல்லை, ஐம்பது வருடம்தான்.

அடுத்து நடந்ததுதான் எங்கள் பார்வையில் முக்கியமான திருப்பம். 1978 இல் இலவச அரிசி, மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று ஆனது. 1979 செப்டெம்பரில் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. முதல் தடவையாக அரசாங்கம் வீட்டுக்கு வீடு, "உன் வருமானம் என்ன?" என்று கேட்டது. கிராமத்து விவசாயி தானே ஒரு தொகையைச் சொல்லலாம், அதைச் சரிபார்க்க வழியில்லை. தோட்டத்து ஆளுக்கு அப்படியில்லை. அப்பா, அம்மா, வளர்ந்த மகன் மூவரின் பேரும் செக்ரோலில் சதக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். மூன்றையும் கூட்டினால் 300 தாண்டும். வறுமை குறைந்ததால் அவர்கள் விடுபடவில்லை. அவர்களுடைய வருமானம் மட்டும் எழுத்தில் இருந்ததால் விடுபட்டார்கள். சம்பளத் துண்டு வைத்திருப்பதே குற்றமாகிப் போனது.

முத்திரை கிடைத்தவருக்கும் அது நிலைக்கவில்லை. அதில் அச்சிட்ட ரூபாய் அப்படியே இருக்க, சாமான் விலை ஏறிக்கொண்டே போனது.

1989 இல் ஜனசவிய. குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய், 24 மாதம். அதில் 1,458 சாமான் வாங்க, மீதி 1,042 சேமிப்பு. 1995 இல் சமுர்த்தி. இரண்டும் கிராமத்தை மனதில் வைத்து வரையப்பட்டவை. தோட்டத்துக்கு வந்தது மிகக் கொஞ்சம். "தோட்ட ஆட்களைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும்" என்ற எண்ணம் அதிகாரிகளிடம் இருந்தது. சட்டத்திலும் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு காரணமாகத் தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவும் சபை தயங்கியது. அது திருத்தப்பட்டது 2018 இல். தோட்டங்கள் 1992 இல் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு, தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது எவ்வளவு உண்மை என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. குடியுரிமைப் பிரச்சினை முழுதாகத் தீர்ந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான்.

பட்டியலில் இல்லாததன் விலை என்ன என்று இந்த ஊர் ஒரு காலையில் பார்த்தது. 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்த. மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், சிலர் தாய் தகப்பனை இழந்தார்கள். அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது, அது வேறு கதை. நாங்கள் சொல்ல வருவது எண்ணிக்கையைப் பற்றி. உள்ளே எத்தனை பேர்? முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு குறைத்தார்கள், மறுபடி மாற்றினார்கள். உயிரோடு இருந்தவர்களின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் மண்ணுக்குள். நிவாரணம் என்றால் முதலில் நீ யார் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் கடதாசியோ வீட்டோடு போய்விட்டது. மக்கல்தெனியவில் புதிய வீடுகளுக்கு அவர்கள் போனது 2016 இல்.

இப்போது அஸ்வெசும. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் தொடங்கியது. மிகவும் வறிய குடும்பத்துக்கு 15,000, வறிய குடும்பத்துக்கு 8,500, பாதிக்கப்படக்கூடியவருக்கு 5,000, இடைநிலையில் உள்ளவருக்கு 2,500 என்று ஆரம்பம். 2025 இல் முதல் இரண்டும் 17,500, 10,000 என ஏறின. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு பக்கத்தில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். அமைச்சரின் ஆள், சங்கத்தின் ஆள் என்று பார்த்த காலத்தைவிட இது மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் புள்ளி போடும் கணினி, அதில் எழுதப்பட்டதை மட்டும்தான் பார்க்கும். 2023 இல் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடு குவிந்ததை மறக்கவில்லை.

லயத்தில் இது எங்கே இடிக்கிறது? ஒரே காம்பராவில் தகப்பன் குடும்பமும் கல்யாணம் முடித்த மகன் குடும்பமும். அடுப்பு இரண்டு, முகவரி ஒன்று. படிவத்தில் ஒரே குடும்பமாகப் போட்டால் இருவரின் உழைப்பும் ஒன்றாகிறது. 1979 இல் செக்ரோல் செய்த அதே வேலை. அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து திருப்பி எழுதிய வேறொரு எழுத்து, சேமலாப நிதியில் தோட்டத்து லிகிதர் காதில் விழுந்தது ஒன்று. மூன்றும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. மூன்றாவது, கடிதம். தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாரோ கையில் லயத்துக்கு வரும்போது திகதி முடிந்திருக்கும்.

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2025 இல் பாடசாலை உபகரணம் வாங்க 6,000 ரூபாய் கொடுத்தபோது, அஸ்வெசும குடும்பத்துப் பிள்ளையா என்பதையும் பார்த்தார்கள். ஒரு பட்டியலில் விடுபட்டால் அடுத்ததிலும் விடுபடலாம்.

ஆகவே சில விஷயங்கள். அடுப்பு தனி என்றால் தனிக் குடும்பம் என்று கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே பதியுங்கள், கணக்கெடுக்க வரும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். பெயர் பிழையைப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவில் திருத்தலாம். ஹல்துமுல்ல 1999 இலேயே இருமொழிப் பிரிவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தமிழில் படிவம் கேட்பது உங்கள் உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. மேன்முறையீடும் ஆட்சேபனையும் ஒன்றல்ல. உங்களுக்குக் கிடைக்காவிட்டால் மேன்முறையீடு. தகுதி இல்லாதவருக்குக் கிடைத்திருக்கிறது என்றால்தான் ஆட்சேபனை. கோபத்தில் இரண்டாவதை எழுதிவிட்டு முதலாவதை விட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கொடுக்கும் எந்தக் கடதாசிக்கும் ஒரு பிரதி எடுத்து, ஒப்படைத்த திகதியை அதன் மேல் எழுதி வையுங்கள். எழுத உதவி தேவைப்பட்டால் பிள்ளையின் கொப்பியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், பாடசாலை விட்ட பிறகு நாங்கள் இருந்து எழுதித் தருகிறோம். வரும்போது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மின்சாரப் பட்டியல் மூன்றையும் கொண்டு வாருங்கள்.