மல்லாட்டையும் நம் உடல் என்னும் அமானிதமும்



உடல்நலம் பற்றி நம் சமுதாய ஏடுகளில் எழுதுவோர் பெரும்பாலும் பேரீச்சம்பழத்தையும் தேனையும் கருஞ்சீரகத்தையும் பற்றியே எழுதுகின்றனர். அவற்றின் சிறப்பில் ஐயமில்லை. ஆயினும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் செம்மண்ணில் அல்லாஹ் நமக்கு விளையச் செய்திருக்கும் ஓர் உணவைப் பற்றிப் பேசுவோர் அரியர். அதுவே மல்லாட்டை. பிற மாவட்டத்தார் அதனை நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் அழைப்பர். நம் வயல்களில் விளைந்தும் அதன் பெரும்பகுதி நம் தட்டுக்கு வராமலே போன வரலாற்றை இங்குக் காண்போம். நம் கை கால் தசைகளின் வலிமையோடு நேரடித் தொடர்புடைய வரலாறு அது.

தசையைப் பற்றிய கவலை எதற்கு?

இன்று பள்ளிவாசல்களின் ஓரங்களில் நாற்காலிகள் பெருகி வருவதைக் காண்கிறோம். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் மார்க்கம் அளித்த சலுகை அது. அதில் அமர்ந்து தொழுபவரை எவரும் குறைகூறுதல் ஆகாது. ஆனால் ஐம்பது வயதை எட்டுமுன்னரே ஸுஜூதிலிருந்து கையூன்றாமல் எழ இயலாதோர் ஏன் மிகுந்து வருகின்றனர் என்னும் கேள்வியை நாம் ஒதுக்கிவிடவும் கூடாது. மூட்டுத் தேய்மானமும் பிற நோய்களும் ஒருபுறம் இருக்க, தொடைத் தசைகள் மெலிந்துபோவதும் இதற்கு ஒரு முதன்மையான காரணமாகும்.

தசை புரதத்தால் ஆனது. உடல் கொழுப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளும். புரதத்துக்கு அத்தகைய களஞ்சியம் இல்லை. உணவில் புரதம் குறையும்போது உடல் தன் தசையையே கரைத்துத் தேவையை நிறைவு செய்துகொள்ளும். ஆகவே புரதம் நாள்தோறும் வந்தாக வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்த ஒருவருக்கு அவரது எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். காலையில் தேநீரும் பன்னும், நண்பகலில் சோறும் குழம்பும், இரவில் மீண்டும் சோறு என்று வாழ்பவர் வயிறு நிறைந்தவராயினும் அந்த 50 கிராமை எட்டுவது கடினம்.

கடல் கடந்து வந்த பயிர்

மல்லாட்டையின் பிறப்பிடம் தென்னமெரிக்கா. ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் கடல் கடந்த காலத்தில் அது ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பரவியது. நம் வட்டாரத்தில் அதனை மணிலாக்கொட்டை என்றும் கூறுவர். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் பெயரே மருவி மல்லாட்டை ஆயிற்று என்பர். இன்றைய விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்கள் மூன்றும் சேர்ந்திருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம் இப்பயிருக்குப் பெயர் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டு மார்செய் நகரத்துச் சவுக்காரத் தொழிற்சாலைகளுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் எண்ணெய் வித்துகள் பெருமளவில் தேவைப்பட்டன. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1870களில் சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு இருப்புப்பாதை வந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. நம் வயல்களுக்கும் மார்செய் ஆலைகளுக்கும் இடையே வழி எளிதாயிற்று. மூட்டை மூட்டையாகப் பருப்பு கப்பலேறியது.

வானம் பார்த்த பூமியில் கம்பும் கேழ்வரகும் வரகும் பயிரிட்ட உழவர்கள் காசு தரும் பயிருக்கு மாறினர். விதைப்புக்கு முன்பே முன்பணம் பெற்றவர்கள், விளைந்ததை அந்த வணிகரிடமே அளக்க நேர்ந்தது. 1929இன் இறுதியில் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விலை சரிந்தபோது கடன் சுமையைத் தாங்கியவர்களும் அவர்களே.

எண்ணெயில் புரதம் கிடையாது. மல்லாட்டையைச் செக்கிலிட்டால் கொழுப்பு எண்ணெயாகப் பிரியும். புரதம் முழுவதும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அந்தப் பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்கும் கரும்பு வயலுக்கும் சென்றது. தசையை வளர்க்கும் பகுதி மாட்டுக்கும் மண்ணுக்கும் போக, அதனை விளைவித்த குடும்பம் கூழோடும் ஊறுகாயோடும் நாளைக் கழித்தது.

திண்டிவனத்தின் பெயர் தாங்கிய விதைகள்

இப்பயிரின் சிறப்பை உணர்ந்து 1930களில் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அங்கு உருவான ரகங்களே டி.எம்.வி. என்னும் முன்னெழுத்துகளைத் தாங்கியவை. அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் கொத்து ரகம் தமிழ்நாட்டைக் கடந்து ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பல பத்தாண்டுகள் பயிரிடப்பட்டது. 1967இல் டி.எம்.வி. 7 வந்தது. எங்கோ அனந்தப்பூர் மாவட்டத்து உழவர் ஒருவர் விதை கேட்கும்போது நம் ஊரின் பெயரை உச்சரித்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்றோ?

ஆனால் அந்த ஆராய்ச்சியின் நோக்கம் விளைச்சலும் எண்ணெய் அளவுமே. அந்தப் பருப்பை யார் உண்கிறார் என்னும் கேள்வி வேறோரிடத்தில் எழுந்தது.

குன்னூரும் மைசூரும் சொன்னவை

நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். பின்னர் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. மேலே நாம் குறிப்பிட்ட தேசிய நிறுவனம் அதுவே.

மெக்காரிசன் ஒரே வகை எலிக்குட்டிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை அவற்றுக்கு அளித்தார். முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. தீட்டிக் கழுவிய அரிசியோடு சிறிதளவே பருப்பும் காயும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை கடைசி இடத்தில் நின்றன. சீக்கியர் உணவுண்ட எலிகளின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே அவை எட்டின. குறை மக்களின் குருதியில் இல்லை, தட்டில் இருந்தது என்பதே அந்த ஆய்வு உணர்த்திய உண்மை. அரிசியை மட்டும் நம்பிய தட்டில் இல்லாதது எதுவோ, அதில் ஒரு பெரும்பகுதி திண்டிவனத்து வயலில் விளைந்து கப்பலேறிக்கொண்டிருந்தது.

விடுதலைக்குப் பின் 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். அங்குள்ள அறிவியலாளர்கள் கொழுப்பு நீக்கிய நிலக்கடலை மாவு 75 பங்கும் கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் கலந்து, உயிர்ச்சத்துகளும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்துப் பல்நோக்கு உணவு ஒன்றை உருவாக்கினர். ஊட்டக்குறைவால் வாடிய குழந்தைகளுக்காக எழுந்த முயற்சி அது. மாட்டுத் தொட்டிக்குச் சென்ற புரதத்தை மனிதரின் தட்டுக்குத் திருப்பிய அறிவு என்று அதனைக் கூறலாம்.

கொண்டைக்கடலையை ஏன் சேர்த்தனர்? நிலக்கடலைப் புரதத்தில் லைசின் என்னும் பகுதி குறைவு. அரிசியிலும் அதுவே குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நம் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியில் அரிசியோடு பாசிப்பருப்பு சேர்வதும் இம்முறையிலேயே பயன் தருகிறது. ஆய்வுக்கூடம் அறியாத காலத்திலேயே நம் மூதாட்டியர் அந்தச் சேர்க்கையைக் கைப்பழக்கமாகக் கொண்டிருந்தனர்.

ஓர் எச்சரிக்கையின் வரலாறு

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து தீவனமாக வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமே காரணம் என்று தெரிந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். அது கல்லீரலைக் கெடுப்பது. நாட்பட உண்டால் புற்றுநோய்க்கும் வழிவகுப்பது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முற்றாக நீங்காது. ஆகவே பூஞ்சணம் பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது ஆகிய பருப்புகளைப் பொறுக்கி எறிய வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் படாமல் நன்கு உலர்த்தி வைக்க வேண்டும். விலை மலிவு என்பதற்காகக் கழிவுப் பருப்பை வாங்கி மக்களுக்கு உணவாக்கி விற்பது நம் கொடுக்கல் வாங்கல் நெறிக்கும் முரணானது என்பதை வணிகச் சகோதரர்கள் நினைவில் கொள்வார்களாக.

நாம் செய்யத்தக்கது

நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் அளவில், 7 கிராம் கிடைக்கும். ஒரு கோழிமுட்டை தருவதற்கு அது சற்றும் குறைந்ததன்று. பெரிய டப்பாக்களில் விற்கும் புரதப் பொடிக்குத் தம் உழைப்பின் ஊதியத்தைச் செலவிடும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். உடனே தசை திரளும் என்று நாம் கூறவில்லை. நாள்தோறும் ஒரு கைப்பிடி மல்லாட்டை, ஒரு கிண்ணம் பருப்பு அல்லது சுண்டல், இயன்றவர்க்கு முட்டை, மீன், தயிர் என்று அமைந்தால் தேவையான அளவு எளிதில் நிறையும் என்பதே நம் கருத்து.

அவித்து உண்பது நன்று. வறுத்து உண்பதும் நன்று. வெல்லம் சேர்த்து உருண்டையாக்கினால் பிள்ளைகள் விரும்புவர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப்பருப்பாகத் தரலாகாது; தொண்டையில் அடைக்கும். அரைத்தோ பொடித்தோ தரவேண்டும். சிலருக்கு இது ஒவ்வாமை தரும். அவர்கள் அறவே தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே புரத அளவை முடிவு செய்ய வேண்டும். கொழுப்பும் மிகுந்த உணவாதலால் கைப்பிடி அளவைக் கடந்து கொறித்துக்கொண்டே இருப்பது எடையைக் கூட்டும். வயிற்றில் உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் பகிரச் சொன்ன நபிகளார் (ஸல்) அவர்களின் வழிகாட்டல் சத்துள்ள உணவுக்கும் பொருந்தும். ரமளான் ஸஹரில் உப்பிடாத மல்லாட்டையைச் சேர்த்துக்கொண்டால் பசி மெல்லவே எழும். உப்பிட்டது பகலில் தாகத்தைத் தூண்டும்.

உணவு மட்டும் போதாது. 1037இல் மறைந்த இப்னு ஸீனா, தம் மருத்துவப் பெருநூலில் உடல்நலம் காக்கும் வழிகளைக் கூறுமிடத்து உடற்பயிற்சியை முதலிலும் உணவை அதற்கடுத்தும் உறக்கத்தை அதன் பின்னும் வைத்தார். இன்றைய அறிவியலும் அதனை மறுக்கவில்லை. உழைக்காத தசைக்கு எவ்வளவு புரதம் ஊட்டினாலும் அது வளராது. தொழுகை வணக்கம், அதனை உடற்பயிற்சியாகக் கருதித் தொழுவது முறையன்று. ஆனால் நிலையிலும் ருகூஉவிலும் ஸுஜூதிலும் அமைதியாக நிற்பதற்கான வலிமையைத் தொழுகைக்கு வெளியே ஈட்டிக்கொள்வது நம் கடமை. அருகிலுள்ள பள்ளிவாசலுக்கு வண்டியை விட்டு நடந்து செல்லலாம். காலையும் மாலையும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து அமரலாம். வீட்டிலுள்ள தாய்மார்களும் இதனைச் செய்யலாம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சிய சோற்றையும் ரசத்தையும் உண்டு முடிக்கும் அவர்களுக்கே புரதக் குறை மிகுதி. இரவில் நேரத்தோடு உறங்குவது ஃபஜ்ருக்கும் உதவும், தசைக்கும் உதவும்.

நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று அண்ணலார் (ஸல்) கற்பித்தார்கள். அவ்வுரிமையை நிறைவேற்றத் தேவையானது தொலைதூர நாட்டில் இல்லை. அடுத்த அறுவடையின்போது திண்டிவனம் சந்தையில் மூட்டைகள் அடுக்கப்படுகையில், விற்பதற்கு முன் ஒரு படியைப் பிள்ளைகளுக்கென எடுத்து வைக்க வேண்டும் என்பதே விவசாயம் செய்யும் குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள். விலைக்கு வாங்குவோர் மாலைத் தேநீரோடு வரும் பிஸ்கட்டுக்குப் பதிலாக அதனை வைக்கலாம். மதரஸா நடத்துவோர் மாணவர்களின் மாலைச் சிற்றுண்டியில் வாரம் இருமுறையேனும் மல்லாட்டையும் சுண்டலும் இடம்பெறச் செய்யலாம். மனனம் செய்யும் பிள்ளைக்கு நெடுநேரம் நிமிர்ந்து அமரும் முதுகும் வேண்டுமல்லவா?

வல்ல அல்லாஹ், தந்த அருட்கொடையை அறிந்து பயன்படுத்தும் நல்லறிவையும், இறுதிவரை தன் முன்னிலையில் நின்று தொழும் உடல் வலிமையையும் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.