தலைவெட்டியும் அவிசெப்ரானும்

1

சேலம் கோட்டைச் சாலையில், பெரியேரியில், தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் ஒரு கோயில். அங்கே உட்கார்ந்திருப்பது முனியப்பன் அல்ல, புத்தர் என்று சேலம் புத்தா டிரஸ்ட் 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் தொல்லியல் துறையைக் கேட்டது. துறை எழுதித் தந்த அறிக்கையில் உணர்ச்சி ஏதும் இல்லை: தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனம், தியான முத்திரை, சுருள் முடி, தொங்கும் காது மடல்; துண்டான தலை பிற்பாடு உடலோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. 2022 ஜூலை 19 அன்று தீர்ப்பு வந்தது. தவறான அடையாளம் தொடர முடியாது. சிலை தொல்லியல் துறையின் பொறுப்புக்குப் போக வேண்டும். இது புத்தர் என்று பலகை வைக்க வேண்டும். மக்கள் வந்து பார்க்கலாம், பூஜை கூடாது.

இதை இடத் தகராறாகப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எனக்கு இதில் சிந்தனையின் சரித்திரம் சம்பந்தப்பட்ட ஒரு கேள்வி இருக்கிறது. தோற்றுப்போன ஒரு சிந்தனைக்கு இரண்டு கதிகள் உண்டு. ஒன்று, அழிந்துபோவது. மற்றது, வேறு பெயரில் வாழ்வது. முதலாவது நமக்குப் புரிகிறது. அதற்காகத் துக்கப்படவும் தெரிகிறது. இரண்டாவதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பினாமிக் கணக்கில் சொத்துக்காரன் எங்கோ உயிரோடு இருப்பான், கணக்கும் அவனுக்குத் தெரியும். இங்கே சொத்து இருக்கிறது, சொத்துக்காரனை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இந்த இரண்டாவது கதிக்கு மிகத் தெளிவான உதாரணம் மத்திய கால ஐரோப்பாவின் யூத அறிஞர் ஒருவரிடம் கிடைக்கிறது. சேலத்துச் சிலையைப் புரிந்துகொள்ள அது உதவும் என்பதால் முதலில் அங்கே போக வேண்டியிருக்கிறது.

2

பதினோராம் நூற்றாண்டு ஸ்பெயினில் மாலகாவில் பிறந்தவர் சாலமன் இப்ன் கபிரோல். ஹீப்ரு மொழியில் கவிதை எழுதினார். ‘அரச முடி’ என்ற அவருடைய நீண்ட பிரார்த்தனைக் கவிதை ஸ்பெயின் மரபைச் சேர்ந்த யூதர்களின் பாவமன்னிப்பு நாள் வழிபாட்டில் இடம்பெற்றது. அவரே அரபியில் ஒரு தத்துவ நூலும் எழுதினார். குருவும் சிஷ்யனும் பேசுவதாக அமைந்த நூல். கடவுளைத் தவிர மற்றவை அனைத்தும், ஆன்மாவும் தேவதூதரும் உட்பட, பொருளும் வடிவமும் சேர்ந்து ஆனவை என்பது அதன் மையம். வேதத்திலிருந்து அதில் ஒரு மேற்கோள்கூட இல்லை. ஆசிரியனின் மதத்தைக் காட்டிக்கொடுக்கும் வரி எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் டொலேடோவில் அது ‘ஜீவ ஊற்று’ என்ற பெயரில் லத்தீனுக்குப் போயிற்று. ஆசிரியர் பெயர் வாய்க்கு வாய் சிதைந்து ‘அவிசெப்ரான்’ ஆயிற்று. பிரான்ஸிஸ்கன் துறவிகளுக்கு அந்தக் கொள்கை பிடித்தது. தாமஸ் அக்வினாஸ் அதை மறுத்தார். ஏற்றவர்களுக்கும் மறுத்தவர்களுக்கும் தாங்கள் வாதிடுவது ஒரு யூதக் கவிஞனோடு என்பது தெரியாது.

இதில் பாரிஸ் பிஷப் ஆவெர்ன் வில்லியமின் நிலை கவனிக்கத்தக்கது. அவிசெப்ரான் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். தத்துவவாதிகளில் தலைசிறந்தவர் என்று கொண்டாடினார். தால்முதைப் பறிமுதல் செய்யச் சொல்லி 1239இல் போப் ஒன்பதாம் கிரிகரி அனுப்பிய கடிதங்கள் வந்து சேர்ந்ததும் இதே வில்லியமிடம்தான். 1240இல் பாரிஸில் தால்முதுக்கு எதிரான விசாரணை நடந்தது. ரப்பி யெஹியேல் பதில் சொன்னார். விசாரித்தவர்களில் வில்லியமும் ஒருவர். 1242இல் வண்டி வண்டியாகச் சுவடிகள் எரிக்கப்பட்டன. ஒரு யூதனின் புத்தகத்தை மேஜைமேல் வைத்துக் கொண்டாடியவரும், யூதர்களின் புத்தகங்களை எரிக்கும் காரியத்தில் பங்கு கொண்டவரும் ஒருவரே. இதைப் பாசாங்கு என்று சொல்ல முடியாது. பெயர் மாறியிருந்ததால் அந்த மனிதருக்குள் முரண்பாடே எழவில்லை.

பெயரோடு வாழ்ந்தவர்களும் உண்டு. மைமோனிடிஸை அக்வினாஸ் ‘ரப்பி மோசே’ என்று சொல்லியே மேற்கோள் காட்டுகிறார். மைமோனிடிஸின் நூல் பக்கத்துக்குப் பக்கம் வேத வியாக்கியானம். அதை வேறொருவன் நூல் என்று சொல்ல வழியில்லை. அடையாளம் தெரியாத நூலுக்கே வேறு பெயர் ஒட்டும்.

1846இல் பாரிஸில் சாலமன் முங்க் என்ற யூத அறிஞர், பதிமூன்றாம் நூற்றாண்டில் இப்ன் ஃபலக்வேரா ஹீப்ருவில் சுருக்கி எழுதிவைத்திருந்த சில பகுதிகளை லத்தீன் நூலோடு ஒப்பிட்டார். அவிசெப்ரானும் இப்ன் கபிரோலும் ஒரே ஆள் என்று தெரிந்தது. எழுநூறு வருஷமாக யூதர்கள் கவிஞனைப் பாடினார்கள், கிறிஸ்தவர்கள் தத்துவவாதியைப் படித்தார்கள். உடல் ஓரிடத்தில், தலை ஓரிடத்தில். முங்க் இரண்டையும் சேர்த்தார். அரபி மூலம் மட்டும் கிடைக்கவே இல்லை.

3

இனி சேலம். தலைவெட்டி என்ற சொல்லை நன்னூல் படித்தவர்கள் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். விறகுவெட்டி, மரங்கொத்தி என்பவற்றில் இறுதி இகரம் செய்பவனைக் குறிக்கிறது. அந்த முறைப்படி தலைவெட்டி என்றால் தலையை வெட்டுகிறவன். வெட்டுப்பட்டவர் சொல்லமைப்பில் வெட்டுகிறவராக மாறிவிட்டார். ஆனால் வெட்டு என்ற செய்தி பெயரில் தங்கிவிட்டது. அவர் யார் என்பதை ஊர் மறந்தது. அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை மறக்கவில்லை. ‘முனி’ என்பதும் தற்செயலாகவோ என்னவோ சரியான சொல்லாகவே நிற்கிறது: சாக்கிய முனி. இதை வைத்து நம் பக்கத்து முனியப்பன்கள் எல்லோரும் புத்தர்கள் என்று கிளம்பிவிடக் கூடாது. ஆடும் கோழியும் கேட்கும் காவல் தெய்வத்துக்கு அதற்கே உரிய சரித்திரம் உண்டு. அதைப் பறிப்பதும் இன்னொரு பெயர் மாற்றம்தான்.

இந்தச் சமவெளி ஒரு காலத்தில் அவைதிக அறிஞர்களின் நடமாட்டம் உள்ள பிரதேசம். பழைய சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்த தர்மபுரியில், அன்றைய தகடூரில், நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற இரண்டு சகோதரர்கள் சமணப் பள்ளி கட்டினார்கள். நுளம்ப அரசன் மகேந்திரனிடம் மூலப்பள்ளி என்ற ஊரைப் பெற்று, கனகசேன சித்தாந்தர் என்ற துறவியிடம் ஒப்படைத்ததை 893ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஆத்தூருக்குக் கிழக்கே தியாகனூரில் உட்கார்ந்த நிலையில் இரண்டு பெரிய புத்தர்கள். நன்னூல் எழுதிய பவணந்தியைக் கொங்கு நாட்டவர் என்பது மரபு. நாமக்கல் குன்றில் எட்டாம் நூற்றாண்டில் குடைந்த நரசிம்மருக்குப் பெயர் மாறவில்லை. அவரை விட்டு அகலாத ஒரு பக்தர் கூட்டம் இருந்தது. தியாகனூருக்கும் பெரியேரிக்கும் அந்தக் கூட்டம் இல்லாமல் போயிற்று.

சிலைகளுக்கு நேர்ந்தது நூல்களுக்கும் நேர்ந்தது. வீரராஜேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் வீரசோழியம் எழுதினார். அகத்தியனுக்குத் தமிழ் கற்பித்தவர் அவலோகிதர் என்று அது சொல்கிறது. தன் மதத்தை நெற்றியில் எழுதிக்கொண்ட இலக்கணம் அது, பாடத்திலிருந்து ஒதுங்கிப்போயிற்று. (அதன் வடமொழி இலக்கணச் சட்டகமும் ஒரு காரணம்; எல்லாவற்றையும் மதத்தின் தலையில் போட வேண்டாம்.) நன்னூலின் கதை வேறு. அது சமணர் நூல் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் சைவரான சங்கர நமச்சிவாயர் அதற்கு உரை எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்தினார். பிற சமயங்களை மறுத்து மாபாடியம் எழுதியதும் அதே கைதான். இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, அதை எழுதியவனின் சிந்தனையை வாசலில் நிறுத்திவிட முடிந்தது.

பௌத்தத் தமிழுக்கு இதைவிட மோசமான கதி. குண்டலகேசி காணாமற் போயிற்று. அதன் வாதங்கள் பெரும்பாலும் அதை மறுக்க எழுந்த சமணக் காப்பியமான நீலகேசியிலும் அதன் உரையிலுமே வாழ்கின்றன. பதிமூன்றாம் நூற்றாண்டுச் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளும் வரிசையாக வந்து நின்று, வரிசையாகத் தோற்றுப்போகின்றன. தமிழ் மாணவன் நூற்றாண்டுக் கணக்கில் புத்தரைக் கேட்டது எதிராளியின் வாய் வழியாக.

மணிமேகலை தப்பித்தது. தப்பித்தும் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உ.வே. சாமிநாதையர் ஏட்டைப் பிரித்தபோது அதன் சமயச் சொற்களை விளக்கப் பௌத்தர் ஒருவர் அக்கம்பக்கத்தில் இல்லை. ஆங்கிலப் புத்தகங்களின் வழியே பௌத்தம் அறிந்திருந்த ரங்காசாரியார்தான் உதவினார். சிந்தாமணிக்கு நிலைமை தேவலை, கும்பகோணத்திலேயே சமணர்கள் இருந்தார்கள். 1880இல் அங்கே முன்சீப்பாக வந்து, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டு ஐயரை இந்த வழியில் திருப்பியவர் சேலம் இராமசாமி முதலியார் என்பதை இந்த ஊர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

4

முங்க்குக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அவர் ஒட்டவைத்தபோது அதைப் பெற்றுக்கொள்ள ஒரு சமூகம் இருந்தது. கபிரோலின் பிரார்த்தனை தெரிந்த வாய்கள் இருந்தன. எரிக்கப்பட்டும் துரத்தப்பட்டும் யூத மரபு படிப்பை விடவில்லை. பெரியேரியில் யாரோ தலையை உடலோடு ஒட்டவைத்தார்கள். அது பக்தி, குறைத்துப் பேசத் தேவையில்லை. ஆனால் ஒட்டவைத்த கைக்கு அது யாருடைய தலை என்று தெரியாது.

இந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர் அயோத்திதாசர். 1898இல் கொழும்பு சென்று பௌத்தத்தை ஏற்றார். 1907 முதல் 1914இல் இறக்கும்வரை நடத்திய ‘தமிழன்’ வாரப் பத்திரிகையில், நம் பண்டிகைகளும் தெய்வங்களும் பெயர் மாற்றப்பட்ட பௌத்தம் என்று வாரா வாரம் எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சி பல இடங்களில் நிற்காது. கேள்வி நிற்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ 1940இல் வந்தது. அயோத்திதாசரின் எழுத்துகளோ 1999இல்தான் தொகுதிகளாகக் கைக்குக் கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில் காஃப்காவையும் காம்யுவையும் கரைத்துக் குடித்த நம் சிற்றிதழ்களில் அவர் பெயர் அபூர்வம். அந்நியமாதல் பற்றி இவ்வளவு பேசியவர்கள், சொந்த ஊரில் தன் பெயரைத் தொலைத்து உட்கார்ந்திருந்தவரைக் கவனிக்கவில்லை. பண்டிதர்களைக் குறை சொல்லியே பழகிய விமர்சனம் இந்த விஷயத்தில் பண்டிதர்களுக்கும் பின்னால் நின்றது.

நீதிமன்றத்தால் ஒரு பலகை வைக்கச் சொல்ல முடியும். பெயரைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவுதான். சிந்தனை திரும்ப வேறு வேலை வேண்டும். மணிமேகலையின் 29ஆம் காதையில் இருக்கும் பௌத்தத் தருக்கத்தைக் கதைக்கு இடைஞ்சல் என்று தாண்டிப் போகாமல் படிக்க வேண்டும். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்த நீலகேசியை, ஜெயித்தவளின் பக்கத்தில் உட்காராமல் தோற்றவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பரபக்கத்தை மறுப்பாக மட்டும் படிக்காமல் சாட்சியமாகவும் படிக்க வேண்டும். எதிராளி எந்த இடத்தில் குரலை உயர்த்துகிறான் என்று பார்த்தாலே, அந்த இடத்தில் பௌத்தன் பலமான ஒன்றைச் சொல்லியிருக்கிறான் என்று ஊகிக்கலாம்.

மூலம் கிடைக்காது. முங்க்குக்கும் கிடைக்கவில்லை.