பாகில் ஊறிய கனி

கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கும் வேளையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல இல்லங்களின் அடுக்களையில் ஒரு வேலை ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஆரஞ்சுப் பழத்தின் தோலை நீளவாக்கில் நறுக்கிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, உலர்த்தி, உருக்கிய சாக்லேட்டில் பாதியளவு தோய்த்தெடுத்துச் சிறு பெட்டியில் அடுக்கி உற்றாருக்கும் அண்டை அயலாருக்கும் அளிப்பதே அவ்வேலை. பிரெஞ்சுக்காரர் இப்பண்டத்தை ஒராஞ்செத் என்பர். உலர்ந்த அத்திப்பழம், ஏப்ரிக்காட், இஞ்சி முதலியவற்றையும் இவ்வாறே தோய்ப்பதுண்டு. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் தட்டில் ஏந்தி அயல் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தோடு ஒப்பிடத்தக்க வழக்கம் இது. எனினும், தோற்றத்தில் எளிய இவ்வினிப்பு உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. பல இலட்சம் மக்களின் உழைப்பும் வேண்டியிருந்தது.

முதற்கண் சர்க்கரையை நோக்குவோம். கரும்பின் தாயகம் நியூகினித் தீவு என்பது ஆய்வாளர் முடிவு. ஆயின், கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. சீனப் பேரரசர் தாய்சோங் அக்கலையைக் கற்றுவர 647ஆம் ஆண்டில் மகத நாட்டிற்குத் தூதுக்குழு அனுப்பினார். தமிழகத்திற்குக் கரும்பைக் கொண்டுவந்தவர் அதியமானின் முன்னோர் என்னும் செய்தியைப் புறநானூற்றில் காண்கிறோம். பருக்கைக் கல்லைக் குறித்த சர்க்கரா என்னும் வடசொல் பாரசீகம், அரபு வழியாக மேற்கே சென்று ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. கண்ட என்னும் சொல் அரபியில் 'கந்த்' ஆகி, ஆங்கிலத்தில் 'கேண்டி' என வழங்கலாயிற்று. தமிழில் அதுவே கற்கண்டு என்பதில் நிற்கிறது. ஆரஞ்சு என்னும் பெயரும் நாரங்க என்பதன் திரிபேயாகும். அதன் வேர் நாரத்தை என்பதோடு உறவுடைய திராவிடச் சொல் எனக் கருதும் அறிஞர் பலர். ஆகவே, பெட்டிக்குள் இருக்கும் பொருளின் பெயர்களுள் பாதி தமிழ் மாணவர்க்கு அயலானவை என்று சொல்வதற்கில்லை.

அரபியர் சிசிலியிலும் ஸ்பெயினிலும் கரும்பைப் பயிரிட்டனர். எனினும் நடுக்கால ஐரோப்பாவில் சர்க்கரை பெறற்கரிய பொருளாகவே இருந்தது. மருந்து விற்போர் அதனைச் சிறு அளவில் நிறுத்து விற்றனர். பழத்தைச் சர்க்கரையில் ஊறவைத்து உண்பது மன்னர்க்கும் மதத்தலைவர்க்கும் மட்டுமே வாய்த்த இன்பம். போப்பாண்டவர்கள் 1309 முதல் 1377 வரை பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் வாழ்ந்த காலத்தில், அருகிலிருந்த ஆப்த் என்னும் ஊரிலிருந்து பாகில் ஊறிய கனிகள் அவர்தம் விருந்துக்குச் சென்றன. அவ்வூர் இன்றும் அத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. எதிர்காலம் உரைத்தவர் என்று உலகம் அறிந்த நாஸ்திரதாமஸ் ஒரு மருத்துவர். அவர் 1555இல் வெளியிட்ட நூல் ஒன்று முகப்பூச்சுகளையும் பழப்பாகுகளையும் செய்யும் முறைகளைக் கூறுவது. அவருடைய ஆரூடங்களைக் காட்டிலும் ஆரஞ்சுத் தோலைப் பாகிலிடும் அவருடைய குறிப்பு மானுடர்க்குப் பயன்பட்டது எனலாம்.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியார் ஆண்ட காலத்தில் (1558–1603) பரிசு வழங்கும் நாள் கிறிஸ்துமஸ் அன்று. புத்தாண்டே பரிசுக்குரிய திருநாள். அரசியார்க்கு வந்த புத்தாண்டுப் பரிசுகளைப் பதிந்த சுருள்கள் இன்றும் உள்ளன. பிரபுக்கள் பொன்னும் பட்டும் அளித்த அவையில் அரண்மனை மருத்துவரும் மருந்து வணிகரும் பாகில் ஊறிய இஞ்சியையும் ஆரஞ்சுப் பூவையும் சாடியில் வைத்து அளித்தனர். பொன்னோடு ஒரே பட்டியலில் எழுதத்தக்க பொருளாக இஞ்சிப்பாகு இருந்தது! செல்வர் வீட்டுப் பெண்டிர் இக்கலையைத் தம் கையாலேயே பயின்றனர். ஜெர்வாஸ் மார்க்கம் 1615இல் வெளியிட்ட இல்லத்தரசியர் நூல், மருந்து செய்வதோடு இனிப்பு செய்வதையும் அவர்க்குரிய கல்வியாகக் கூறுகிறது.

கனியைப் பாகிலிடுவதன் உட்பொருளை அறிந்துகொள்வது நன்று. பழத்தின் நீர் மெல்ல மெல்ல வெளியேற, அந்த இடத்தில் சர்க்கரை புகுகிறது. நீர் குறைந்த இடத்தில் நுண்ணுயிர்கள் வாழமாட்டா. எனவே பண்டம் கெடுவதில்லை. ஆனால் அவசரப்படுதல் ஆகாது. தொடக்கத்திலேயே கெட்டியான பாகில் இட்டால் பழம் சுருங்கித் தோலாகிவிடும். முதலில் இளம்பாகு, மறுநாள் அதனை வடித்துச் சற்றே காய்ச்சி மீண்டும் ஊற்றல், இவ்வாறு நாள்தோறும் பாகின் செறிவை உயர்த்துவர். முழுப் பழமாயின் வாரக்கணக்கில் ஆகும். ஆரஞ்சுத் தோலாயின், கசப்பு நீங்க இரண்டு மூன்று முறை புது நீரில் வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு பாகிலிட வேண்டும். கம்பிப் பதம், உருண்டைப் பதம் எனத் தமிழ் இல்லங்களில் பாட்டிமார் விரலிடை வைத்துப் பார்த்த பதங்களையே ஐரோப்பியரும் நூல், உருண்டை என்று பெயரிட்டு வழங்கினர். பினாங்கில் விற்கும் பாகூறிய ஜாதிக்காய்ச் சதையும், சீனர் புத்தாண்டுத் தட்டில் வைக்கும் பாகூறிய பூசணியும் இதே கலையின் கிளைகள் ஆகும்.

இனி, சாக்லேட்டின் வரலாறு. கொலம்பஸ் 1502இல் நடு அமெரிக்கக் கரையோரம் ஒரு பெரிய தோணியில் கொக்கோ விதைகளைக் கண்டார். அவற்றின் அருமையை அவர் உணரவில்லை. மாயா, அஸ்தெக் மக்களுக்கு அவ்விதை பானமாகவும் நாணயமாகவும் இருந்தது. ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த பின்னும் முந்நூறு ஆண்டுகளுக்குக் கொக்கோ பெரும்பாலும் குடிக்கும் பொருளாகவே இருந்தது. அரைத்த கொக்கோ மணல்போல் நறநறத்தது; உருக்கினால் களிபோல் நின்றது. அதில் ஒரு பழத் துண்டை அழகுறத் தோய்த்தெடுப்பது இயலாத செயல்.

இந்நிலையை மாற்றியவை இயந்திரங்கள். ஆலந்து நாட்டு வான் ஹௌட்டன் குடும்பத்தார் 1828இல் கொக்கோவிலுள்ள கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தியை உருவாக்கினர். பானத்திற்கு ஏற்ற பொடி பெறுவதே அவர்தம் நோக்கம். மிஞ்சிய கொழுப்பு யாரும் எதிர்பாராத வரவு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃபிரை நிறுவனத்தார் 1847இல் அக்கொழுப்பைக் கொக்கோவோடும் சர்க்கரையோடும் சேர்த்து, அச்சில் வார்க்கத்தக்க உண்ணும் சாக்லேட்டை ஆக்கினர். சுவிட்சர்லாந்தில் டானியல் பீட்டர் 1875இல் பால் சாக்லேட்டையும், ருடால்ஃப் லிண்ட் 1879இல் நீண்ட நேரம் கலக்கி மென்மையாக்கும் முறையையும் கண்டனர். லிண்டின் முறைக்குப் பின்னரே சாக்லேட் தேன்போல் வழிந்தோடியது. கனியின்மேல் மெல்லிய போர்வையாக அது படியத் தொடங்கியது அப்போதுதான்.

இதே காலத்தில் பண்டிகையும் உருமாறிற்று. டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை வெளிவந்த ஆண்டு 1843. அரச குடும்பத்தார் அலங்கரித்த மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் லண்டன் இதழொன்றில் 1848இல் வெளியாயிற்று. பரிசு வழங்கும் வழக்கம் புத்தாண்டிலிருந்து கிறிஸ்துமசுக்கு நகர்ந்தது. கேட்பரி நிறுவனம் 1860களில் படம் ஒட்டிய பெட்டிகளில் சாக்லேட்டை நிரப்பி விற்கலாயிற்று. பண்டம் தீர்ந்தபின் பெண்கள் அப்பெட்டியில் கடிதங்களையும் நூலுருண்டைகளையும் வைத்துக்கொண்டனர். தொழிற்சாலைகளில் பெண்கள் ஒவ்வோர் இனிப்பாகக் கையால் தோய்த்து, உள்ளிருப்பது இன்னதென அறிய மேற்புறத்தில் ஒரு சுழியை இட்டனர்.

ஈண்டு ஒரு முரண் தோன்றுகிறது. கடையில் பெட்டி பெட்டியாக இனிப்பு மலிந்த பின்னரே, வீட்டில் செய்த இனிப்பிற்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. எலிசபெத்தின் காலத்தில் பாகூறிய இஞ்சியின் மதிப்பு சர்க்கரையின் விலையில் இருந்தது. விக்டோரியா காலத்திற்குப் பின் அது செய்தவர் செலவிட்ட பொழுதில் இருந்தது. அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட பாஸ்டன் சமையற்பள்ளி நூல் இனிப்புகளுக்கென ஓர் இயலையே ஒதுக்கியது. கோப்பை, கரண்டி அளவுகளைத் துல்லியமாக வரையறுத்த அந்நூல், முன்பு கைப்பழக்கமாக மட்டுமே இருந்ததை எந்தப் பெண்ணும் படித்துச் செய்யத்தக்க பாடமாக்கியது. ஆசிரியர் பணியின் சிறப்பு அதில் தெரிகிறது.

வீட்டில் செய்வோர்க்குப் பழத்தைவிடச் சாக்லேட்டே கடினமான சோதனை. கொக்கோக் கொழுப்பு உறையும்போது ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடும் என்பதை வில்லி, லட்டன் என்னும் ஆய்வாளர் 1966இல் வெளியிட்டனர். அவற்றுள் ஐந்தாம் வகையே பளபளப்பும், ஒடிக்கும்போது 'டக்'கென்னும் ஓசையும் தருவது. ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகுவது. மனித உடலின் வெப்பம் 37 பாகை ஆதலின், கையில் உறுதியாக நிற்கும் துண்டு நாவில் கரைகிறது. இப்படிகத்தைப் பெறுவதற்குக் கருஞ்சாக்லேட்டை 45 பாகைக்கு மேல் உருக்கி, 27 அல்லது 28 பாகைக்கு ஆற்றி, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்கு உயர்த்திப் பிறகு தோய்ப்பர். வெப்பமானி இல்லாத பழைய வினைஞர், ஒரு துளியைக் கீழுதட்டில் வைத்து அது சற்றே குளிர்ந்திருப்பதை உணர்ந்து அறிந்தனர். பதம் தவறினால் சில நாளில் சாம்பல் பூத்தாற்போல் மேற்பரப்பு வெளுக்கும். ஒரு சொட்டு நீர் விழுந்தாலோ சாக்லேட் முழுவதும் திரைந்து மண்கட்டியாகும். புதுப்பழம் நீர் கசிவது. தோய்த்தால் ஓரிரு நாள்தான் தாங்கும். பாகில் ஊறி உலர்ந்த பழமோ வாரக்கணக்கில் இருக்கும். முன்கூட்டியே செய்து வைக்கும் பண்டிகைப் பரிசுக்கு இது பொருந்தியதன் காரணம் அதுவே. டிசம்பர் மாதக் குளிரும் உதவிற்று. மலேசிய வெயிலில் இதனைச் செய்ய முனைவோர் குளிரூட்டிய அறையை நாட வேண்டியிருக்கும்.

சர்க்கரை மலிந்தது எவ்வாறு என்னும் வினாவிற்கு விடை கூறாமல் இவ்வரலாறு நிறைவுறாது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்து மடிந்தனர். பிரிட்டன் 1833இல் சட்டமியற்றி அடிமை முறையை ஒழித்தது. அடுத்த ஆண்டிலேயே மொரீசியசுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறினர். கயானா, நெட்டால், பிஜி எனப் பட்டியல் நீண்டது. பினாங்கை அடுத்த வெல்லெஸ்லி மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களும் அப்பட்டியலில் அடங்கும். மலாயாத் தமிழர் வரலாற்றை ரப்பரிலிருந்தே தொடங்குவோர் பலர். ரப்பருக்கு அரை நூற்றாண்டு முன்னரே அங்கே தமிழர் கரும்பு வெட்டினர் என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் கடன். ஒப்பந்த முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. அக்காலத்திலேயே அத்தோட்டங்களும் ரப்பருக்கு மாறின. பிரிட்டன் 1874இல் சர்க்கரை வரியை அறவே நீக்கியபோது லண்டன் ஏழையின் அடுக்களைக்கும் பாகு வந்து சேர்ந்தது. அந்த மலிவின் ஒரு பகுதி, கூலிக் கணக்கில் பிடித்தம் போக மிஞ்சியதைப் பெற்ற தமிழனின் வியர்வையாகும்.

கொக்கோவும் குற்றமற்றதன்று. மேற்காப்பிரிக்கத் தீவாகிய சாவோ தோமேயில் அடிமைகளையொத்த நிலையில் மக்கள் கொக்கோ பறிப்பதை ஹென்றி நெவின்சன் 1906இல் நூலாக எழுதினார். அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் சமயத்தாராகிய கேட்பரி, ஃபிரை, ரவுன்ட்ரீ நிறுவனத்தார், ஆண்டுகள் சில கடந்தே, 1909இல் அத்தீவின் கொக்கோவை வாங்குவதை நிறுத்தினர். அத்தாமதம் பற்றிய கண்டனம் அன்றே எழுந்தது; அது நியாயமான கண்டனமே.

முதல் உலகப் போரின் முதற் கிறிஸ்துமசில், 1914இல், இளவரசி மேரியின் பெயரால் போர்வீரர்க்குப் பித்தளைப் பெட்டிகள் வழங்கப்பட்டன. ஆங்கில வீரர் பெட்டியில் புகையிலை இருந்தது. சீக்கிய வீரர்க்குரிய பெட்டியில் கற்கண்டும் நறுமணப் பொருள்களும் இருந்தன. கிழக்கிலிருந்து சென்ற கண்டு, கிறிஸ்துமஸ் பரிசாக இந்தியர் கைக்கே திரும்பி வந்தது. இரண்டாம் போரின்போது பிரிட்டனில் 1942 முதல் இனிப்புக்குப் பங்கீடு வந்தது. இடையில் சில மாதம் தளர்த்தப்பட்டு, 1953 பிப்ரவரியில்தான் முற்றிலும் நீங்கியது. சர்க்கரைப் பங்கீடு அவ்வாண்டு செப்டம்பர் வரை நீடித்தது. அக்காலத்து இல்லத்தரசி ஒரு பெட்டி இனிப்பைப் பரிசளித்தாள் எனில், தன் குடும்பத்தின் பங்கையே அளித்தாள் என்பது பொருள்.

கொக்கோ மரம் பின்னர் மலேசிய மண்ணிலும் பரவியது. 1980களில் இந்நாடு உலகின் முன்னணிக் கொக்கோ விளைவிப்போருள் ஒன்றாக இருந்தது. சபாவின் தோட்டங்களிலும், தீபகற்பத்தின் மேற்குக் கரையில் தென்னைகளுக்கு இடையிலும் மரங்கள் தழைத்தன. விலைச் சரிவும் பூச்சியும் தாக்க, பிற்காலத்தில் பெரும்பகுதி செம்பனைக்கு இடம் விட்டது. முற்றிய காயைக் கல்லில் மோதி உடைத்து, விதைகளைப் பொதிந்திருக்கும் வெண்சதையை உறிஞ்சிச் சுவைப்பது தோட்டத்துச் சிறுவர்க்குப் பழகிய செயல். புளிப்பும் இனிப்பும் கலந்த அச்சுவையில் சாக்லேட்டின் சாயல் சிறிதும் இராது. துப்பிய விதையைப் பெரியவர்கள் பொறுக்கிப் புளிக்கவைத்து வெயிலில் உலர்த்தினர். அது மூட்டையாகிக் கப்பலேறியது.